ஸ்டாண்ட்பை எல்சியில் ஏற்றுமதி செய்வது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி தொழில்முனைவோருக்கான முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலை மாதங்களில் பெங்களூரா ரகப் பழம் அரைபட்டு, 215 கிலோ பிடிக்கும் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பைகளில் அடைக்கப்பட்டு, இரும்பு டிரம்களில் அடுக்கப்படுகிறது. பழம் ஒரு பருவத்தில் மட்டுமே வந்தாலும் கூழின் விற்பனை ஆண்டு முழுவதும் நடக்கிறது. வெளிநாட்டுப் பழச்சாறு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைப்பதைவிட, மாதத்துக்குச் சில கண்டெய்னர்களாக எடுத்துக்கொள்வதையே விரும்புகின்றன. அத்தகைய வாடிக்கையாளர் ஒருவர், இரண்டு மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பின், "ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனித்தனியாக எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறப்பது எங்களுக்குச் சுமையாக இருக்கிறது, 60 நாள் கடன் கொடுங்கள், அதற்குப் பாதுகாப்பாக ஒரே ஒரு ஸ்டாண்ட்பை எல்சி கொடுத்துவிடுகிறோம்" என்று கேட்கும்போது, அதை ஏற்பதா, எந்த நிபந்தனையோடு ஏற்பது என்பதைப் படிப்படியாக முடிவு செய்ய இந்த வழிகாட்டி உதவும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டாண்ட்பை தரும் பாதுகாப்பு, அதை வழங்கும் வங்கியின் பெயரைவிட அதன் வாசகத்தையும், அதை வைத்திருப்பவர் பராமரிக்கும் நாள்கணக்கையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

படி 1: கருவியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான எல்சியில் பணம் வங்கி வழியாகவே வருகிறது. சரக்கைக் கப்பலில் ஏற்றி, பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் (சரக்கு உருவான நாட்டைக் காட்டும் சான்று) என்று எல்சி கேட்கும் ஆவணங்களைப் பிழையில்லாமல் கொடுத்தால், வாங்குபவர் என்ன நினைக்கிறார் என்று பார்க்காமல் வங்கி பணம் தர வேண்டும். ஸ்டாண்ட்பையில் இந்த வரிசை மாறுகிறது. ஆவணங்கள் வாங்குபவரிடம் செல்கின்றன, அவர் கெடு நாளில் தம் கணக்கிலிருந்து பணம் அனுப்புகிறார், எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஸ்டாண்ட்பையைத் தொடவேண்டிய தேவையே எழுவதில்லை. அவர் செலுத்தத் தவறினால் மட்டுமே, விற்பவர் அந்தத் தவறுதலைக் குறிப்பிடும் கையொப்பமிட்ட அறிக்கையோடு வங்கியின் முன் சென்று பணத்தைக் கோருகிறார்.

பயனில் இது நம் ஊர் பேங்க் கேரண்டிக்கு மிக நெருங்கியது. அமெரிக்க வங்கிகளுக்குப் பிறர் கடனுக்கு உத்தரவாதம் தரும் அதிகாரம் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டதால், அதே வேலையை எல்சியின் வடிவத்தில் செய்யும் வழக்கம் அங்கே தோன்றி, பிறகு உலக வணிகம் முழுவதும் பரவியது. முன்பணத்துக்கு ஈடாகவோ, ஒப்பந்தப் பணியை முடித்துத் தருவதற்கு ஈடாகவோ தரப்படும் ஸ்டாண்ட்பைகளும் உண்டு. இங்கே நாம் பெரிதும் பேசப்போவது சரக்கின் விலைக்கு ஈடாகத் தரப்படும் ஸ்டாண்ட்பையைப் பற்றித்தான்.

இரண்டு கருவிகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. வங்கியின் பொறுப்பு விற்பனை ஒப்பந்தத்திலிருந்து தனித்து நிற்பது. வங்கி ஆவணத்தைப் பார்க்குமே தவிர, டிரம்முக்குள் இருக்கும் கூழின் பிரிக்ஸ் (இனிப்பு) அளவைப் பார்க்காது. இந்தத் தன்மையே விற்பவருக்குப் பலமாகவும், வாங்குபவருக்கு அச்சமாகவும் அமைகிறது.

படி 2: இந்த வாடிக்கையாளருக்கு இது பொருந்துமா என்று முடிவு செய்யுங்கள்

நன்மைகளில் முதலாவதும் பெரியதும் ஆவணச் சிக்கல் குறைவது. வழக்கமான எல்சியில் சரக்கின் விவரமும் எடையும் தேதியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் வங்கி அதை டிஸ்கிரெபன்சி என்று குறித்து, பணத்தை நிறுத்திவைக்கும். ஒவ்வொரு டிஸ்கிரெபன்சிக்கும் கட்டணம் பிடிக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் வளைகுடாவைச் சென்றடையும் வேகத்துக்கு, வங்கிகள் வழியாக நகரும் ஆவணங்கள் பல நேரங்களில் ஈடுகொடுப்பதில்லை. கண்டெய்னர் துறைமுகத்தில் காத்துக் கிடக்க, வாடகையும் டெமரேஜும் (தாமதக் கட்டணமும்) ஏறிக்கொண்டே போகும். ஸ்டாண்ட்பையில் ஆவணங்கள் வாங்குபவரிடம் விரைவில் சேர்வதால் இந்த இழுபறி பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இரண்டாவதாக, ஒரே ஸ்டாண்ட்பை ஓராண்டுக்குரிய பல அனுப்பல்களைத் தாங்கும். ஒவ்வொரு முறையும் எல்சி திறக்கும் செலவும் திருத்தக் கட்டணங்களும் மிச்சமாகின்றன. மூன்றாவதாக, வங்கியின் உறுதி பின்னால் நிற்கும் காரணத்தால், வாங்குபவர் பணம் தராவிட்டால் அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடித்தான் பெறவேண்டும் என்ற நிலை இல்லை. இசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம்) தரும் காப்பீடும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இழப்பின் ஒரு பகுதியை மட்டும், காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு, விசாரணையின் பேரில் ஈடுசெய்கிறது. ஸ்டாண்ட்பை அதன் தொகை வரம்புக்குள் முழுமையாகவும் சில நாட்களிலும் பணம் பெற்றுத்தரக் கூடியது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதற்கும் தடையில்லை.

தீமைகளையும் அதே கவனத்தோடு எடைபோட வேண்டும். ஸ்டாண்ட்பையை நம்பி ஆவணங்களை நேராக அனுப்பியவுடன் சரக்கு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. வழக்கமான எல்சியில் வாங்குபவர் பின்வாங்கினாலும் வங்கியின் கட்டளைக்கு எழுதப்பட்ட பில் ஆஃப் லேடிங் நமக்கொரு பிடிமானமாக இருந்து, சரக்கை வேறொருவருக்கு விற்க வழிவிடும். இங்கே அந்தப் பிடிமானம் கிடையாது. அடுத்து, முதலீட்டுச் சிக்கல்: ஜூன் மாதத்தில் விவசாயிக்குப் பணம் கொடுத்துப் பழம் வாங்கிய ஆலை, மேலும் 60 நாள் கடனையும் தானே சுமக்கிறது. தவணை எல்சியின் (குறித்த நாள் கழித்துப் பணம் தரும் எல்சியின்) கீழ் வெளிநாட்டு வங்கி ஏற்றுக்கொண்ட பில்லை நம் வங்கி எளிதில் டிஸ்கவுண்ட் செய்யும், அதாவது கெடுவுக்கு முன்பே வட்டியைக் கழித்துப் பணம் தரும். ஸ்டாண்ட்பையின் கீழ் இன்வாய்ஸை வங்கி எதுவும் ஏற்பதில்லை என்பதால், அதன்மேல் கடன் தர நம் வங்கி தயங்கலாம். தந்தாலும் நிபந்தனைகள் கூடலாம். மூன்றாவது தீமை, ஒருமுறை ஸ்டாண்ட்பையைப் பணமாக்கிவிட்டால் அந்த வாடிக்கையாளருடனான உறவு பெரும்பாலும் அதோடு முறிந்துவிடும் என்பது.

ஆகவே புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு முன்பணமோ வழக்கமான எல்சியோ போதும் என்பதே என் உறுதியான கருத்து. பல அனுப்பல்களுக்குச் சரியாகப் பணம் செலுத்தி, மாதந்தோறும் எடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளருக்குத்தான் ஸ்டாண்ட்பை பொருந்தும். ஓசூர் ரோஜா போன்று சில நாட்களில் வாடிவிடும் சரக்குக்கும் இது ஏற்றது, ஏனெனில் ஆவணம் வங்கியில் காத்திருக்கும்வரை பூ காத்திருக்காது. ஒரே ஒரு முறை அனுப்பும் பெரிய கிரானைட் ஆர்டருக்கு இதை ஏற்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: தொகையைக் கணக்கிடுங்கள்

வாங்குபவர் சொல்லும் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் இதில் நேரும் மிகப் பெரிய பிழை. கணக்கு எளிதாக இருக்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 20 அடிக் கண்டெய்னரில் 80 டிரம், அதாவது 17.2 டன் கூழ் செல்கிறது. டன்னுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கண்டெய்னரின் மதிப்பு 17,200 டாலர். மாதத்துக்கு 4 கண்டெய்னர் அனுப்புகிறோம். பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாளில் பணம் வரவேண்டும். கெடு தவறியது 61ஆம் நாள் தெரியவந்து, நினைவூட்டல் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அனுப்புவதை நிறுத்துவது என்று முடிவெடுக்க இன்னும் 15 நாள் ஆகும். ஆக, 75 நாள், அதாவது இரண்டரை மாதச் சரக்கு பணமில்லாமல் வெளியே நிற்கிறது: 10 கண்டெய்னர், 1,72,000 டாலர்.

வாங்குபவர் தருவதாகச் சொல்லும் ஸ்டாண்ட்பை 1,20,000 டாலருக்கு என்றால், அது 6 கண்டெய்னரை மட்டுமே முழுமையாகக் காக்கும். 52,000 டாலர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கும். இந்த நிலையில் இரண்டு வழிகள் உள்ளன. தொகையை உயர்த்தச் சொல்லலாம். அவர் உடன்படாவிட்டால் கடன் நாளைக் குறைக்கலாம். 60 நாளை 30 ஆக்கினால், 15 நாள் அவகாசத்தோடு சேர்த்து 45 நாளுக்கு 6 கண்டெய்னர், 1,03,200 டாலர்தான் வெளியே நிற்கும். அதே 1,20,000 டாலர் ஸ்டாண்ட்பை போதுமானதாகிவிடும். பேச்சுவார்த்தையில் இந்த எண்களைத் தாளில் எழுதி முன்வைத்தால், அவநம்பிக்கையால் கேட்பதாக எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வளைகுடா நாடுகளில் ரமலான் நோன்புக்கு முந்தைய மாதங்களில் பழச்சாறுத் தேவை கூடும் என்பதால், சராசரி மாதத்தை வைத்துக் கணக்கிடாமல், மிக அதிகமாக அனுப்பப்போகும் மாதத்தை வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

படி 4: எந்த விதித்தொகுப்பு என்பதை முடிவு செய்யுங்கள்

ஸ்டாண்ட்பையை யுசிபி 600 விதிகளின் கீழும் வழங்கலாம், ஐஎஸ்பி 98 விதிகளின் கீழும் வழங்கலாம். முதலாவது, சர்வதேச வணிகச் சபை வெளியிட்டு 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கமான எல்சிக்காக எழுதப்பட்டது. இரண்டாவது, ஸ்டாண்ட்பைக்கென்றே எழுதப்பட்டு 1999 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பலர் யுசிபி பழகியது என்பதற்காக அதையே கேட்கிறார்கள். தொடர்ச்சியாக அனுப்பும் விற்பவருக்கு ஐஎஸ்பி 98 பல இடங்களில் கூடுதல் பாதுகாப்பு தருகிறது என்பதால், இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது அவசியம்.

யுசிபியின் 32ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட காலங்களுக்குள் தவணையாகப் பணம் எடுக்கவேண்டும் அல்லது சரக்கு அனுப்பவேண்டும் என்று எல்சியில் எழுதியிருந்து, ஏதேனும் ஒரு தவணை அதற்குரிய காலத்தில் நடக்காவிட்டால், அந்தத் தவணைக்கும் அதற்குப் பின்வரும் தவணைகளுக்கும் எல்சி செல்லாமல் போகும். ஸ்டாண்ட்பையில் பணம் எடுக்காமல் இருப்பதுதான் இயல்பான நிலை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். ஐஎஸ்பி 98 ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகவே கருதுகிறது. ஒரு தவணையில் கோராமல் விட்டது அடுத்த தவணையின் உரிமையைப் பாதிக்காது.

காலாவதி நாளன்று போர், கலவரம், இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் வங்கி மூடியிருந்தால், யுசிபியின் 36ஆம் பிரிவின்படி, மீண்டும் திறந்தபின் காலாவதியான எல்சிக்கு வங்கி பணம் தராது. ஐஎஸ்பியில், ஆவணம் கொடுக்கும் இடம் கடைசி வேலைநாளில் எக்காரணத்தாலும் மூடியிருந்தால், அது திறந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் தானாகவே கிடைக்கிறது.

ஆவணத்தைப் பரிசீலிக்கும் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. யுசிபி அதிகபட்சம் 5 வங்கி வேலைநாட்களைத் தருகிறது. ஐஎஸ்பியில் மறுப்பை 3 வேலைநாட்களுக்குள் தெரிவிப்பது நியாயமான காலம் என்றும், 7 வேலைநாட்களைத் தாண்டுவது நியாயமற்றது என்றும் வகுக்கப்பட்டுள்ளது. யுசிபியைத்தான் ஏற்கமுடியும் என்று எதிர்த்தரப்பு வங்கி பிடிவாதமாக நின்றால், 32, 36 ஆகிய பிரிவுகள் இந்த ஸ்டாண்ட்பைக்குப் பொருந்தா என்று வாசகத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 5: வாசகத்தை வெளியிடும் முன்பே திருத்துங்கள்

ஸ்டாண்ட்பை வெளியான பிறகு அதைத் திருத்த வங்கியும் பயனாளியும் (இங்கே விற்பவர்) உடன்படவேண்டும், கட்டணமும் உண்டு. எனவே வரைவை முதலில் மின்னஞ்சலில் வாங்கி, உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் காட்டி, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும்.

கோரிக்கைக்கு என்னென்ன ஆவணம் தேவை என்ற பகுதியே இதன் உயிர். "இன்ன எண்ணும் தேதியும் கொண்ட இன்வாய்ஸின் தொகை அதன் கெடு நாளில் எங்களுக்குச் செலுத்தப்படவில்லை, இன்றுவரை நிலுவையில் உள்ளது" என்று பொருள்படும், பயனாளி கையொப்பமிட்ட அறிக்கையும், செலுத்தப்படாத இன்வாய்ஸின் நகலும், பில் ஆஃப் லேடிங்கின் நகலும் போதும். அசல் பில் ஆஃப் லேடிங் கேட்டால் அந்த ஸ்டாண்ட்பை பயனற்றது, ஏனெனில் அசல் ஏற்கெனவே வாங்குபவரிடம் போய்விட்டது. வாங்குபவர் கையொப்பமிட்ட சரக்குப் பெற்ற சான்று வேண்டும், வாங்குபவர் நியமிக்கும் ஆய்வாளரின் சான்று வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் நீக்கச் சொல்லவேண்டும். பணம் தராதவர் தம் தவறுக்குத் தாமே சான்றளிக்க முன்வரமாட்டார். அறிக்கையின் வாசகம் மேற்கோள் குறிக்குள் தரப்பட்டிருந்தால், கோரும்போது அதே வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். அதனால் அந்த வாசகம் உங்கள் வணிகத்துக்குப் பொருந்துகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

காலாவதி நாள் கடைசி அனுப்பலின் கெடுவைத் தாண்டி இருக்கவேண்டும். செப்டம்பர் 30 தேதியிட்ட பில் ஆஃப் லேடிங்குக்கு 60 நாள் கெடு நவம்பர் 29 அன்று முடிகிறது. கோரிக்கைக்கு 15 நாள் சேர்த்தால் டிசம்பர் 14. அதற்கு முன் காலாவதியாகும் ஸ்டாண்ட்பையை வைத்துக்கொண்டு செப்டம்பர் 30 அன்று சரக்கு ஏற்றக்கூடாது. காலாவதியாகும் இடம் இந்தியாவில் உள்ள வங்கியாக இருந்தால் கூரியர் தாமதம் உங்களைப் பாதிக்காது. வெளிநாட்டு வங்கியின் கவுண்டரில்தான் காலாவதி என்றால், ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையமைப்பு) செய்தி மூலம் கோரலாம் என்ற வரியாவது அவசியம். இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: சவூதி அரேபியாவில் வெள்ளி, சனி விடுமுறை, நமக்கு ஞாயிறும், இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் விடுமுறை. இரண்டு நாட்டு வங்கிகளும் சேர்ந்து இயங்குவது திங்கள் முதல் வியாழன் வரைதான்.

தானாகப் புதுப்பிக்கப்படும் ஸ்டாண்ட்பை என்றால், "இனிப் புதுப்பிக்க மாட்டோம்" என்று வங்கி எத்தனை நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்பதும், அத்தகைய அறிவிப்பு வந்தால் கெடு வராத இன்வாய்ஸ்களுக்கும் சேர்த்துக் கோரலாமா என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

படி 6: உண்மைத்தன்மையைச் சரிபாருங்கள்

ஸ்டாண்ட்பை எம்டி 760 என்ற ஸ்விஃப்ட் செய்தியாக உங்கள் வங்கிக்கு வரவேண்டும். உங்கள் வங்கி அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்து எழுத்தில் அறிவிக்கவேண்டும். வாங்குபவர் அனுப்பும் பிடிஎஃப் நகலும், எம்டி 799 என்ற கட்டற்ற வடிவச் செய்தியில் வரும் "தயாராக உள்ளோம்" என்ற அறிவிப்பும் வங்கியின் பொறுப்பை உருவாக்குவதில்லை. உங்கள் கிளை அந்நியச் செலாவணி கையாளும் கிளையா, இல்லையென்றால் செய்தி எந்த ஊர்க் கிளைக்கு வரும் என்பதை முதலிலேயே கேட்டு, சரியான ஸ்விஃப்ட் குறியீட்டை வாங்குபவரிடம் கொடுங்கள்.

வழங்கும் வங்கியோ அந்த நாடோ நம்பிக்கை தராவிட்டால், வேறொரு வலுவான வங்கியின் கன்ஃபர்மேஷனைக் கேட்கலாம். அந்த வங்கியும் தனியாகப் பொறுப்பேற்கும். கட்டணம் கூடும், அதை யார் தாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிடவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லவேண்டும். "குத்தகைக்கு எஸ்பிஎல்சி (ஸ்டாண்ட்பை எல்சி) வாங்கித் தருகிறோம், அதை வைத்துக் கோடிக்கணக்கில் கடன் வாங்கலாம்" என்று முன்கட்டணம் கேட்கும் இடைத்தரகர்கள் எல்லா ஊர்களிலும் நடமாடுகிறார்கள். வணிகப் பரிமாற்றம் எதுவும் இல்லாமல் வாடகைக்கு விடப்படும் ஸ்டாண்ட்பை என்பது மோசடியின் அடையாளம். உழைத்துச் சேர்த்த பணத்தை அந்த முன்கட்டணத்தில் இழந்துவிடாதீர்கள்.

படி 7: அனுப்பும் காலத்தில் கணக்கு வையுங்கள்

ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இன்வாய்ஸ் எண், பில் ஆஃப் லேடிங் தேதி, கெடு நாள், கோரிக்கைக்கான கடைசி நாள், பணம் வந்த நாள், அன்றைய மொத்த நிலுவை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவைக்கவேண்டும். நிலுவை ஸ்டாண்ட்பை தொகையைத் தொடும்போது அடுத்த கண்டெய்னரை ஏற்றும் முடிவு முதலாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு மட்டுமே நடக்கவேண்டும். விற்பனைப் பிரிவு லாரியை வரவழைத்துவிட்டது என்பதற்காக வரம்பு தாண்டப்படுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஏற்றுமதி ஆவணங்களை வங்கியின் வழியாகச் செலுத்தாமல் வாங்குபவருக்கு நேராக அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் நிபந்தனைகள் உண்டு. உங்கள் வங்கியிடம் அதற்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற்று, ஷிப்பிங் பில்லும் (சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) வரவும் வங்கியின் கணக்கில் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனித்துவாருங்கள்.

படி 8: கெடு தவறினால்

கெடு முடிந்த மறுநாளே நினைவூட்டலை எழுத்தில் அனுப்புங்கள். "அடுத்த வாரம்" என்ற பதில் இரண்டாவது முறை வரும்போது, கோரிக்கை ஆவணங்களைத் தயார்செய்து உங்கள் வங்கியிடம் காட்டிவிடவேண்டும். தொகை, இன்வாய்ஸ் எண், தேதி, கையொப்பமிடுபவரின் பதவி ஆகிய ஒவ்வொன்றும் ஸ்டாண்ட்பையின் வாசகத்தோடு ஒத்துப்போகவேண்டும். காலாவதிக்குச் சில நாட்களே இருக்க, வாங்குபவர் அவகாசம் கேட்டால், வங்கியிடம் "நீட்டித்துக்கொடுங்கள், இல்லையேல் பணம் கொடுங்கள்" என்ற கோரிக்கையை வைக்கலாம்; ஐஎஸ்பி 98 இதை முறையான கோரிக்கையாகவே ஏற்கிறது, உறவு முறியாமலிருக்கவும் இது வழிவிடுகிறது. வாய்மொழி உறுதியை நம்பிக் காலாவதி நாளைக் கடக்கவிட்டால், பிறகு எந்த வங்கியும் உதவ முடியாது.

வாங்குபவர் நீதிமன்றத் தடை கேட்கக்கூடும். இந்தியாவில், உச்ச நீதிமன்றம் 1987இல் உத்தரப் பிரதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வழக்கில் வகுத்த வழியில், மோசடி, ஈடுசெய்ய முடியாத தீங்கு ஆகிய அரிதான நிலைகளைத் தவிர வங்கியின் இத்தகைய பொறுப்பில் நீதிமன்றங்கள் தலையிடுவதில்லை. வழங்கும் வங்கி வெளிநாட்டில் இருக்கும்போது அந்நாட்டுச் சட்டமே முன்னிற்கும் என்பதால், கன்ஃபர்மேஷனின் மதிப்பு இங்கேதான் வெளிப்படுகிறது.

நீங்கள் வாங்குபவராக இருக்கும்போது

கிரானைட் ஆலைக்கு இத்தாலியிலிருந்து அறுவை இயந்திரம் இறக்குமதி செய்யும்போது விற்பவர் உங்களிடம் ஸ்டாண்ட்பை கேட்கலாம். 2018 மார்ச் 13 முதல் ரிசர்வ் வங்கி, இறக்குமதிக் கடனுக்கான லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங், லெட்டர் ஆஃப் கம்ஃபர்ட் ஆகியவற்றை நிறுத்திவிட்டது. எல்சியும் வங்கி உத்தரவாதமும் விதிகளுக்கு உட்பட்டுத் தொடர்கின்றன. இதில் உங்களுக்குள்ள நன்மை, பெரிய முன்பணம் தராமல் கடனில் இயந்திரத்தைப் பெறுவது. தீமை, வங்கியில் உங்கள் கடன் வரம்பின் ஒரு பகுதி காலாவதிவரை முடங்கிக்கிடப்பது. அதற்கு வைப்புத்தொகையும் கமிஷனும் தரவேண்டும், பணம் எடுக்கப்படாவிட்டாலும் கமிஷன் திரும்ப வராது.

இயந்திரம் பழுதாக வந்தாலும், விற்பவர் சரியான ஆவணத்தோடு கோரினால் வங்கி பணம் கொடுத்துவிடும் என்பது இதைவிடப் பெரிய ஆபத்து. இதைக் குறைக்க, கோரிக்கையோடு கப்பலில் ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் நகலும், இருதரப்பும் ஒப்புக்கொண்ட மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் ஏற்றுமுன் சான்றும் வேண்டும் என்று கேட்பது நியாயமானது. தவணை செலுத்தச் செலுத்த ஸ்டாண்ட்பையின் தொகையும் குறைந்துவரும் என்ற வரியைச் சேர்த்தால், கட்டிய பணத்தை மீண்டும் கோர இடமிருக்காது. கடைசித் தவணை சென்றவுடன், பொறுப்பு முடிந்ததாக விற்பவரின் வங்கி மூலம் ஸ்விஃப்ட் செய்தி பெற்று, அதைக் காட்டி, உங்கள் வைப்புத்தொகையையும் கடன் வரம்பையும் விடுவிக்கக் கோரும் கடிதத்தைக் கிளையில் அன்றே கொடுத்து, அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.